கதை கையில், உரிமை யார் கையில்? சுயாதீன சினிமாவில் தயாரிப்பாளராகவும் திரைக்கதையாசிரியராகவும் தொடங்குபவர்களுக்கு

சுயாதீனப் படம் என்றால் சின்னப் படம் என்று பொருள் இல்லை. பெரிய ஸ்டுடியோவின் பணமும் அதிகாரமும் இல்லாமல், ஒரு தயாரிப்பாளர் பல இடங்களில் காசு திரட்டி எடுக்கும் படம், அவ்வளவுதான். அந்தக் காசு வந்து சேரும்வரை படம் என்று ஒன்று கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு திரைக்கதையும், அதைப் படமாக்கும் உரிமையும்தான். திரைக்கதையை எழுதுபவர் ஒருவர், உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு அலைபவர் இன்னொருவர். இரண்டு வேலையையும் இங்கே சேர்த்தே பேசுவதற்குக் காரணம் உண்டு: ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாததால்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள்.

முதலிலேயே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு தொழிலிலும் நேரத்துக்குக் கூலி இல்லை, உரிமை கைமாறும்போதுதான் காசு. எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினாலும் கையெழுத்தாகாத வரை சம்பளம் இல்லை. மூன்று வருடம் ஓடி அலைந்தாலும் நிதி முழுமையாகாத வரை தயாரிப்பாளருக்கும் இல்லை. ஆகவே எந்தத் தாளில் எப்போது கையெழுத்தாகிறது என்பதைக் கவனிப்பதும் தொழிலில் ஒரு பாதி.

யார் என்ன செய்கிறார்கள்

தயாரிப்பாளர் என்பவர் கதையின் உரிமையைப் பெற்று, இயக்குநரைச் சேர்த்து, பணம் திரட்டி, படத்தை விற்று, கடைசிக் கணக்கு வரை பொறுப்பேற்பவர். லைன் புரொட்யூசர் திரட்டிய பணத்தைப் படப்பிடிப்பில் ஒழுங்காகச் செலவழிப்பவர். எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர் என்ற பெயர் பெரும்பாலும் முதலீடு கொண்டுவந்தவருக்கோ, பெரிய கதவைத் திறந்துவிட்டவருக்கோ போகும். "நானும் ஒரு புரொட்யூசர்" என்று யாராவது அறிமுகமானால், மூன்றில் எது என்று கேட்டுவிடுவது நல்லது.

எழுத்துப் பக்கத்திலும் அப்படித்தான். கதை ஒருவருடையது, திரைக்கதை ஒருவருடையது, வசனம் இன்னொருவருடையது என்று பெயர் பிரியலாம். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விதிப்படி இரண்டு பெயர்களுக்கு நடுவே '&' குறி இருந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள் என்று பொருள். அந்த இடத்தில் 'and' என்ற ஆங்கிலச் சொல் எழுத்தில் எழுதப்பட்டிருந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் தனியாகத் திருத்தி எழுதினார் என்று பொருள். இத்தனை நுணுக்கமாக விதி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், பெயருக்காக எத்தனை சண்டை நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

முதல் படி: ஒன்றல்ல, இரண்டு திரைக்கதை

எழுத வருபவர் கையில் முழுநீளத் திரைக்கதை இரண்டும், 10 முதல் 15 நிமிடத்துக்கான குறும்படக் கதை ஒன்றும் இருக்க வேண்டும். முதல் திரைக்கதை பிடித்துவிட்டால் அடுத்த கேள்வி "வேறு என்ன இருக்கிறது?" என்பதுதான். அப்போது கையை விரித்தால் அந்தக் கதவு அப்படியே சாத்திக்கொள்ளும்.

வடிவத்தில் புதுமை வேண்டாம். 90 முதல் 110 பக்கம், காட்சித் தலைப்பில் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்ற மூன்று தகவல், கீழே கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டும். கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதைக்கானது. தமிழ் எழுத்து அகலமானது, எழுத்துருவும் வேறு; அந்தக் கணக்கை அப்படியே நம்பினால் இரண்டு மணி நேரம் என்று நினைத்தது ஒன்றரை மணியில் முடிந்துவிடும். உங்கள் பக்கங்களில் பத்தை எடுத்து, வசனத்தை வாய்விட்டுப் படித்து, அசைவுகளுக்கும் இடம் விட்டு, கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். உங்களுக்கான விகிதம் அதில் கிடைக்கும்.

திரைக்கதையோடு 30 வார்த்தைக்குள் ஒரு ஒன்லைன், ஒரு பக்கச் சுருக்கம், கதையை ஓட்டமாக விரித்துச் சொல்லும் ஐந்து முதல் பத்துப் பக்க ட்ரீட்மெண்ட் ஆகிய மூன்றும் தயாராக இருக்கட்டும். சுருக்கத்தில் முடிவை மறைக்காதீர்கள். "மீதியைத் திரையில் காண்க" என்று முடியும் சுருக்கத்தைப் படிப்பவர், எழுதியவருக்கே முடிவு தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இரண்டாம் படி: யாரிடமும் காட்டும் முன் தாள்கள்

1886-இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையின்படி, அதில் சேர்ந்த நாடுகளில் பதிவு செய்யாமலே படைப்புக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு. எழுத்தாளர் இறந்து குறைந்தது 50 ஆண்டுவரை அது நீடிக்கும். பிறகு பதிவு எதற்கு? இந்தத் தேதியில் இந்த வடிவம் என் கையில் இருந்தது என்று நிரூபிக்க. ஆனால் எண்ணத்துக்குப் பாதுகாப்பு இல்லை, எழுதிய வடிவத்துக்குத்தான். வாயால் சொன்ன கதை காற்றோடு போகும். கதை சொல்லப் போகும் ஒவ்வொரு முறையும் அன்று மாலையே "இன்று சந்தித்து இந்தக் கதையைப் பற்றிப் பேசினோம், சுருக்கம் இணைப்பில்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மரியாதையாகவும் இருக்கும், சாட்சியாகவும் இருக்கும்.

கதை வேறொருவரின் நாவலிலிருந்தோ, வாழ்க்கையிலிருந்தோ, நண்பரோடு நடத்திய விவாதத்திலிருந்தோ வந்திருந்தால் அந்த ஒவ்வொருவரிடமும் எழுத்தில் உரிமை வாங்க வேண்டும். மூலத்திலிருந்து எழுத்தாளருக்கு, எழுத்தாளரிடமிருந்து தயாரிப்பாளருக்கு, தயாரிப்பாளரிடமிருந்து பட நிறுவனத்துக்கு என்று வரும் இந்தத் தாள் வரிசைக்குச் செயின் ஆஃப் டைட்டில் என்று பெயர். அதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் உரிமை வழக்குகளுக்கான காப்பீடு கிடைக்காது. காப்பீடு இல்லாத படத்தை ஓடிடி தளமும் பெரிய விநியோகஸ்தரும் வாங்கத் தயங்குவார்கள். படம் முடிந்து விற்கும் நேரத்தில்தான் இந்த ஓட்டை வெளியே தெரியும். அப்போது கையெழுத்துக் கேட்டுப் போனால், பழைய நண்பர் சொல்லும் விலையே வேறு.

செயற்கை நுண்ணறிவில் எழுதிய பகுதிகளும் இந்த வரிசையில் ஒரு கேள்வியாக வந்துவிட்டன. 2023-இல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தம், இயந்திரத்தை எழுத்தாளராகக் கருத முடியாது என்று எழுதி வைத்தது. எங்கே பயன்படுத்தினீர்கள் என்று கேட்டால் காட்டும்படி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் நடுவே வரும் முதல் தாள் பெரும்பாலும் ஆப்ஷன் ஒப்பந்தம். "இந்தக் கதையை 12 அல்லது 18 மாதம் வேறு யாருக்கும் தராதே, அதற்குள் பணம் திரட்டினால் வாங்கிக்கொள்கிறேன்" என்பதுதான் அதன் சாரம். கொள்முதல் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆப்ஷன் தொகையாகத் தருவது பரவலான வழக்கம். சிறிய படங்களில் அடையாளத்துக்கு ஒரு தொகையோடு நின்றுவிடுவதும் உண்டு. தொகை சின்னதாக இருப்பதில் தவறில்லை. கெடுவதெல்லாம் இங்கேதான்: கொள்முதல் விலையை "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று காலியாக விடுவது, ஆப்ஷனை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்று எழுதாமல் விடுவது, கெடு முடிந்தால் உரிமை தானாகவே எழுத்தாளரிடம் திரும்பும் என்ற ஒரு வரி இல்லாமல் போவது. எத்தனை திருத்தத்துக்குக் காசு, எத்தனைக்கு மேல் தனிக் காசு என்பதையும் எண்ணிக்கையாகவே எழுதுங்கள். "தேவையான திருத்தங்கள்" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் பதினோராவது வடிவத்தையும் இலவசமாகவே எழுதுவீர்கள்.

காசே இல்லை என்றால் ஆப்ஷனுக்குப் பதில் ஷாப்பிங் அக்ரிமெண்ட். ஆறு மாதமோ ஒரு வருடமோ தயாரிப்பாளர் கதையை எடுத்துக்கொண்டு போய்ப் பேசலாம், ஆனால் உரிமை எழுத்தாளரிடமே இருக்கும். இருவருமே புதியவர்கள் என்றால் இதுதான் நியாயமான தொடக்கம்.

தயாரிப்பாளராக உள்ளே வரும் வழி

இதற்கு ஏணி ஒன்று இருக்கிறது. புரொடக்ஷன் உதவியாளர், ஒருங்கிணைப்பாளர், புரொடக்ஷன் மேனேஜர், லைன் புரொட்யூசர். ஒவ்வொரு படியிலும் சம்பளம் உண்டு, படப்பிடிப்பின் அடிமடி வரை தெரியவரும். ஆனால் அந்த ஏணியின் உச்சியில் தயாரிப்பாளர் நாற்காலி இல்லை என்பதைப் பலர் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள். லைன் புரொட்யூசராக இருபது படம் முடித்தவர் கையிலும் ஒரு கதையின் உரிமைகூட இல்லாமல் இருக்கலாம். ஏணியில் வேலை செய்துகொண்டே, ஒரு குறும்படத்துக்கும் பிறகு ஒரு முழுநீளக் கதைக்கும் உரிமை வாங்கித் தன் பெயரில் வைத்துக்கொள்பவரே தயாரிப்பாளர் ஆகிறார். கணக்கு, சட்டம், விநியோகம் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒப்பந்தம் கைவந்த கலை. அவர்கள் ஒரு படத்திலாவது படப்பிடிப்புத் தளத்தில் முழுக்க இருந்து பார்ப்பது நல்லது.

ஒரே கதையை நம்பி உட்காராதீர்கள். முதல் கையெழுத்திலிருந்து திரையிடல் வரை மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆவது சகஜம். ஒன்று எழுத்தில், ஒன்று நிதி தேடலில், ஒன்று படப்பிடிப்புக்கு அருகில் என்று வெவ்வேறு கட்டத்தில் மூன்று கதையாவது இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் தனி நிறுவனம் பதிவு செய்வதும் வழக்கம், ஒரு படத்தின் கடன் அடுத்த படத்தைத் தொடாமல் இருக்க.

மூன்றாம் படி: பக்கத்தைக் காசாகப் படிப்பது

இதைத் தெரிந்துகொண்ட எழுத்தாளரைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். படப்பிடிப்புக் கணக்கில் ஒரு பக்கத்தை எட்டுப் பங்காகப் பிரிப்பார்கள். கீழே உள்ள காட்சி எட்டில் ஒரு பங்கு:

வெளி. ரயில் நிலைய வாசல். இரவு.
கொட்டும் மழை. கூட்டம் சிதறி ஓடுகிறது. மீனா மட்டும் நனைந்தபடி நிற்கிறாள்.

வாசிக்க ஐந்து நொடி. எடுக்க ஒரு முழு இரவு. மழை இயந்திரம், தண்ணீர் வண்டி, நிலையத்தின் அனுமதி. மழை பின்னாலிருந்து ஒளி விழுந்தால்தான் கேமராவில் தெரியும், ஆகவே உயரமான இடத்தில் பெரிய விளக்கு, அதற்கு ஜெனரேட்டர். நனையும் இடத்தில் மின்கம்பிகள், ஆகவே பாதுகாப்புக்கு ஆள். கூட்டத்துக்கு 60 பேர், அவர்களுக்குத் துண்டும் மாற்றுடையும் சூடான பானமும். மீனாவின் உடை ஒன்று போதாது; இரண்டாவது டேக்குக்கு அவள் உலர்ந்த உடையில் வர வேண்டும், எனவே ஒரே உடையில் குறைந்தது மூன்று பிரதி, நடுவே தலைமுடி உலர்த்த இருபது நிமிடம். விடியும்வரை எடுத்ததால் மறுநாள் பகல் படப்பிடிப்பும் போய்விட்டது, யூனிட்டுக்கு ஓய்வு தர வேண்டுமே.

இதையே நிலையத்தின் உள்ளே வைத்துப் பாருங்கள். வெளியே மழைச் சத்தம். நனைந்த எட்டுப் பேர் வாசல் வழியாக உள்ளே ஓடி வருகிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் ஒரு உருவம் அசையாமல் நிற்கிறது. கண்ணாடிமேல் ஒரு குழாயில் தண்ணீர் விட்டால் போதும். இரண்டு மணி நேர வேலை, மீனாவின் தனிமை ஒரு துளியும் குறையவில்லை. சொல்லப்போனால் கூடித்தான் இருக்கிறது. பட்ஜெட்டைக் குறை என்றால் காட்சியை வெட்டு என்று அர்த்தமில்லை, இப்படி மாற்றி எழுது என்று அர்த்தம். மழை, இரவு, குழந்தை, விலங்கு, ஓடும் வாகனம், கூட்டம், தண்ணீர் ஆகியவற்றில் இரண்டு ஒரே காட்சியில் சேர்ந்தால் அந்த இரண்டும் அங்கே அவசியமா என்று ஒரு முறை யோசியுங்கள்.

96 பக்கத் திரைக்கதையை நாளுக்கு 4 பக்கம் எடுத்தால் 24 நாள், வாரம் ஆறு நாள் என்றால் சரியாக நான்கு வாரம். நாளுக்கு 8 பக்கம் என்று ஷெட்யூல் போட்டு 12 நாளில் முடிப்பதாகச் சொல்லும் தாளைப் பார்த்தால் லொகேஷன் எத்தனை என்று கேளுங்கள். ஒரே நாளில் இடம் மாறுவதற்கே ஒன்றரை மணி நேரம் போகும். இரவுக் காட்சிகளை ஒன்றாகத் திரட்டி வார இறுதி விடுமுறைக்கு முன்னால் வையுங்கள், ஓய்வு நேரம் விடுமுறையிலேயே கழிந்துவிடும்.

எதிர்பாராச் செலவுக்கு மொத்த பட்ஜெட்டில் 10 சதவீதம் ஒதுக்குவது வழக்கம். எடிட்டிங், ஒலி, வண்ணச் சீரமைப்புக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பூட்டிவிடுங்கள். படப்பிடிப்பின் கடைசி வாரம் எல்லாப் பணத்தையும் விழுங்கிவிட்டு, ஒலிக்கலவைக்குக் காசில்லாமல் ஹார்ட் டிஸ்க்கில் தூங்கும் படங்கள் எண்ணிக்கையில் அடங்காது.

நான்காம் படி: காசு எங்கிருந்து, எந்த வரிசையில்

தனியார் முதலீடு, அரசு அல்லது திரைப்படத் திருவிழா சார்ந்த நிதிகள், முன்விற்பனை, வரிச்சலுகை, வேறு நாட்டோடு கூட்டுத் தயாரிப்பு. சுயாதீனப் படத்தின் பணம் பெரும்பாலும் இவற்றின் கலவைதான். முதல் காசு எப்போதும் சின்னது, கிடைப்பதற்கும் அதுதான் கடினம். ஆனால் அது வந்த பிறகு அடுத்தவரிடம் "இவர்கள் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறார்கள்" என்று சொல்லலாம். எழுத்துக் கட்டத்துக்கான மானியமும் பயிலரங்கும் மதிப்புடையவை இதனால்தான். தொகையைவிட அந்தப் பெயர் பெரிது. அமெரிக்க நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1981-இல் நிறுவிய சன்டான்ஸ் நிறுவனத்தின் திரைக்கதைப் பயிலரங்குகள், நெதர்லாந்தின் ராட்டர்டாம் திருவிழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி ஆகியவை இந்தக் கட்டத்திலேயே கை கொடுப்பவை. கூட்டுத் தயாரிப்பாளரைத் தேட ராட்டர்டாமில் 1983 முதல் சினிமார்ட் என்ற சந்தை நடக்கிறது. முடிந்த படத்தை விற்க கான் நகரின் படச்சந்தை 1959 முதல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எந்த நாட்டவர், எத்தனையாவது படம், எந்தக் கட்டம் என்று விதிகள் உண்டு, அவை ஆண்டுதோறும் மாறும். விதிமுறையை முழுக்கப் படிக்காமல் அனுப்பினால் முதல் வடிகட்டலிலேயே போய்விடும்.

வரிச்சலுகையில் ஒரு பொறி இருக்கிறது. செலவு செய்து, கணக்குத் தணிக்கை முடிந்து, பல மாதம் கழித்துத்தான் அந்தப் பணம் வரும். நிதித் திட்டத் தாளில் அது 20 சதவீதம் என்று அழகாக இருக்கும், படப்பிடிப்பு நாளன்று வங்கியில் ஒன்றும் இருக்காது. நடுவே கடன் வாங்க வேண்டும், அந்தக் கடனின் வட்டி பட்ஜெட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். அதேபோல் வாய்ச்சொல்லில் வந்த பணத்தை உறுதியான பணத்தோடு ஒரே பத்தியில் எழுதாதீர்கள். பாதிப் பணத்தோடு படப்பிடிப்பைத் தொடங்கினால் மீதியைத் தர வருபவர் தன் விருப்பப்படி நிபந்தனை போடுவார்.

"லாபத்தில் பங்கு" என்றால் என்ன

இதை எண்ணில் பார்த்தால்தான் விளங்கும். படத்தின் பட்ஜெட் 100 என்று வையுங்கள். முதலீட்டாளர் 60, திரும்பத் தர வேண்டாத மானியம் 20, தயாரிப்பாளரும் சில கலைஞர்களும் தள்ளிவைத்த சம்பளம் 20. எழுத்தாளருக்குக் கொஞ்சம் அட்வான்ஸும் நிகர லாபத்தில் 5 சதவீதமும். படம் 80-க்கு விற்றது.

சேல்ஸ் ஏஜென்ட் கமிஷன் 20 சதவீதம், அதாவது 16. அவருடைய சந்தைச் செலவு 10. வரும் பணத்தை வாங்கிப் பிரித்துத் தரும் கணக்கு நிறுவனத்துக்கு ஏறக்குறைய 1. மீதி 53. முதலீட்டாளருக்குப் போட்ட 60-ம் அதன்மேல் 20 சதவீதமும் சேர்த்து 72 தருவதாக ஒப்பந்தம். 53-ம் அவருக்கே போய்விட்டது. தள்ளிவைத்த சம்பளம் பூஜ்யம், நிகர லாபம் பூஜ்யம், எழுத்தாளரின் 5 சதவீதமும் பூஜ்யம். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கே அப்படித்தான். இதே ஒப்பந்தத்தில் நிகர லாபம் தொடங்க வேண்டுமானால் விற்பனை ஏறக்குறைய 129-ஐத் தாண்ட வேண்டும்.

ஆகவே எழுத்தாளர் பேரம் பேச வேண்டியது சதவீதத்தை அல்ல, படப்பிடிப்பின் முதல் நாளன்று கைக்கு வரும் கொள்முதல் தொகையை. பட்ஜெட்டில் 2 முதல் 3 சதவீதம், ஆனால் இவ்வளவுக்குக் குறையாது என்று ஒரு அடிமட்டம் வைத்துக் கேட்பது நடைமுறை. தயாரிப்பாளர் தன் சம்பளம் முழுவதையும் தள்ளிவைக்கக் கூடாது. பாதியாவது பட்ஜெட்டிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ஒப்படைப்பு

படம் முடிந்தது என்பது எடிட் முடிந்ததல்ல, வாங்குபவர் கேட்கும் பட்டியல் முடிந்தது. நொடிக்கு 24 ஃப்ரேமில் டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), 5.1 ஒலி, வசனம் இல்லாமல் இசையும் ஓசையும் மட்டும் உள்ள தனித் தடம், எழுத்துகள் இல்லாத காட்சிகள், வசனப் பட்டியல், சப்டைட்டில், எந்த இசை எங்கே வருகிறது என்ற இசைக் குறிப்புத் தாள், செயின் ஆஃப் டைட்டில், படப்பிடிப்பில் எடுத்த தரமான புகைப்படங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வீடியோவிலிருந்து வெட்டிய படம் மங்கலாக இருக்கும், போஸ்டருக்கு உதவாது. முக்கியக் காட்சிகள் எடுக்கும் நாட்களிலாவது ஒரு புகைப்படக்காரர் தளத்தில் இருக்க வேண்டும். பாதி 25, பாதி 24 ஃப்ரேம் என்று கலந்து எடுத்திருந்தால் அதைச் சரிசெய்யும் செலவு இங்கேதான் தலையில் விழும்.

இசையில் இரண்டு உரிமை உண்டு. மெட்டு, வரிகளின் உரிமை ஒன்று, பதிவு செய்த ஒலியின் உரிமை இன்னொன்று. இரண்டும் தனித்தனி ஆட்களிடம் இருக்கலாம். எடிட்டில் தற்காலிகமாக ஒரு புகழ்பெற்ற பாட்டை வைத்துப் பழகி, பிறகு அதை விட மனமில்லாமல், திருவிழாவுக்கு மட்டும் உரிமை வாங்கித் திரையிட்டுவிடுவார்கள். விற்பனை வரும்போது உலக உரிமையின் விலையைக் கேட்டால் பட்ஜெட்டே ஆடிப்போகும். எழுதும்போதே திரைக்கதைக்குள் பாட்டின் பெயரைக் குறிப்பிடாதீர்கள்.

திருவிழாவுக்கு அனுப்பும்போது உலக முதல் திரையிடல் என்ற தகுதி ஒரு முறைதான் கிடைக்கும். அழைத்த முதல் இடத்திலேயே கொடுத்துவிட்டால் பெரிய திருவிழாக்களின் போட்டிப் பிரிவு மூடிக்கொள்ளக்கூடும். முதல் வட்டத்துக்கு மூன்று நான்கு இடங்களைத் தேர்ந்து, அவற்றின் பதில் வரும்வரை மற்றவர்களிடம் பொறுமை காட்டுங்கள்.

நடுவில் எப்படிப் பிழைப்பது

எழுத்தாளருக்கு: பிறர் திரைக்கதையைப் படித்து மதிப்பீடு எழுதுவது, திருத்தி எழுதுவது, தொடர்களின் எழுத்துக் குழு, டப்பிங் வசனம், சப்டைட்டில். மதிப்பீடு எழுதும் வேலைக்குச் சம்பளம் குறைவு, ஆனால் ஐம்பது மோசமான திரைக்கதைகளைப் படித்தவருக்குத் தன் திரைக்கதை எங்கே தொய்கிறது என்று தானாகத் தெரியும். தயாரிப்பாளருக்கு: விளம்பரம், ஆவணப்படம், பிறர் படத்துக்கு லைன் புரொட்யூசர், போஸ்ட் புரொடக்ஷன் மேற்பார்வை. எந்தக் கூலி வேலையில் எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதை அங்கேயும் பார்த்துக் கையெழுத்திடுங்கள். சில ஒப்பந்தங்கள் நீங்கள் வீட்டில் தனியாக எழுதுவதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும்.

ஒரு நாட்குறிப்பேடு கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு ஆப்ஷனும் எந்தத் தேதியில் முடிகிறது, புதுப்பிக்கும் கடிதம் எத்தனை நாள் முன்பு போக வேண்டும், எந்தப் படத்தின் வருமான அறிக்கை எந்த மாதம் வர வேண்டும். எழுத்தாளர் என்றால் ஆப்ஷன் முடிந்த மறுநாளே "உரிமை என்னிடம் திரும்பிவிட்டது" என்று உறுதிசெய்து ஒரு கடிதம் அனுப்பி, ஒப்புதல் கேளுங்கள். அந்த ஒப்புதல் கையில் வந்த பிறகு, அதே திரைக்கதையைத் தூசி தட்டி அடுத்தவரிடம் எடுத்துப் போகலாம். தயாரிப்பாளர் என்றால் வருமான அறிக்கை தாமதமானால் நினைவூட்டுங்கள், கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் அதன் கெடு முடிவதற்குள் கேட்டு எழுதுங்கள்.